கடல் மூலையும் பால்மரமும்

தீவிலே பிறந்து தீவிலே வளர்ந்த ஒருவர் மற்றுமொரு தீவைக் காணச் செல்வதிற் பெரும் புதுமை இருக்க முடியாது. கடலும் தென்னையும் வெண்மணலும் அவருக்குப் பழகிப்போனவை. 2025ஆம் ஆண்டு தை மாதத்திலே, சீனாவின் தென்கோடியிலுள்ள ஹாய்னான் தீவின் சான்யா நகரிற் சென்றிறங்கிய ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர், விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், எதிரே வரிசையாக நின்ற தென்னைகளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பின்னர் மகளின் பக்கம் திரும்பி, “இதுக்கா இவ்வளவு காசு குடுத்து வந்தோம்?” என்று கேட்டார்.

குவாங்சோ நகரில் ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றிலே கணக்காளராகப் பணிபுரியும் மகள் சிரித்தாள். “இது நாம பாக்கிறதுக்கு இல்லப்பா. பனியில கெடந்தவங்க பாக்கிறதுக்கு” என்றாள்.

அவள் கூறியதில் உண்மை இருந்தது. தை மாதத்திலே சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகரின் ஆறு உறைந்து கிடக்கும். அதன் மேல் மக்கள் நடந்து திரிவர். அங்கிருந்து மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைச் சில மணி நேரத்திற் கடந்து வந்தோர், தடித்த மேலாடைகளைக் களைந்து மடித்து வைத்துவிட்டு, தென்னையும் கடலும் அச்சிட்ட மெல்லிய சட்டைகளை அணிந்துகொண்டு, குடும்பம் குடும்பமாக ஒரே நிறத்தில் வெளியேறிக்கொண்டிருந்தனர். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே துணியிற் சட்டை. அவ்வாறு வருவோரிற் பலர் முதியவர்கள். குளிர் தொடங்கும்போது வந்து, வடக்கே பனி உருகும்போது திரும்பிச் செல்லும் இவர்களைச் சீனர் வலசைப் பறவைகளின் பெயரால் அழைக்கின்றனர். பொழுது சாயும் வேளையில் சான்யாக் குடாவின் கரையோரம் நெடுகிலும், தென்னைகளின் கீழே ஒலிபெருக்கிகளை வைத்துக்கொண்டு அவர்கள் கூட்டங் கூட்டமாக ஆடுவதும் பாடுவதும் அந்நகரின் முக்கிய காட்சிகளுள் ஒன்று. ஆசிரியர் முதல் நாள் மாலை அதனைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கடலைப் பார்த்தது குறைவு. ஆட்டக்காரரைப் பார்த்ததே அதிகம்.

முப்பது ஆண்டுகள் வகுப்பறைகளிலே தேசப்படத்தை விரித்துப் பழகியவர் அவர். ஹாய்னானின் பரப்பு ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீற்றர். அதாவது இலங்கையின் பரப்பிற் பாதியினும் சற்றே அதிகம். சனத்தொகை ஒரு கோடி அளவில். சீனப் பெருநிலத்தின் லெய்சோ குடாநாட்டிலிருந்து அதனைப் பிரிக்கும் நீரிணை, குறுகிய இடத்திலே இருபது கிலோமீற்றர் மாத்திரமே அகலமுடையது. பாக்கு நீரிணையை நினைத்துக்கொண்டால் ஒப்பீடு எளிதாகும். நீண்ட காலமாகக் குவாங்துங் மாகாணத்தின் ஒரு பகுதியாயிருந்த இத்தீவு, 1988ஆம் ஆண்டிலேதான் தனி மாகாணமாகவும் சிறப்புப் பொருளாதார வலயமாகவும் ஆக்கப்பட்டது. அதன் பின்னர் நிகழ்ந்தது விந்தையானது. நாடெங்குமிருந்து பணம் வந்து குவிந்தது; நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறியது; 1993இல் அரசாங்கம் கடனை இறுக்கியதும் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. கூரையிடப்படாத சீமெந்துக் கட்டடங்கள் பல ஆண்டுகள் எலும்புக்கூடுகளாய் நின்றன. இன்று அவ்வெலும்புக்கூடுகளைக் காண்பதரிது. யாலொங் குடா, ஹாய்தாங் குடா ஆகிய கரைகளிலே உலகப் பெயர்பெற்ற விடுதிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

அக்கரைகளின் அழகை மறுப்பதற்கில்லை. யாலொங் குடாவின் மணல் மாவாய் அரைத்ததுபோன்று மென்மையானது, நீர் தெளிந்தது, மூன்று புறமும் மலை காவல் நிற்கிறது. எனினும் மணலை அடைவதற்கு முன் விடுதியொன்றின் முன்றிலையோ பூங்காவையோ கடக்க வேண்டியிருந்தது. ஹாய்தாங் குடாவிலே விடுதிகள் எழுவதற்காகக் கரையோரக் கிராமங்கள் பெயர்த்து அமைக்கப்பட்டன. சான்யா ஆற்று முகத்திலே தலைமுறை தலைமுறையாகப் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த தான்ஜியா என்னும் மீன்பிடி மக்களின் துறைமுகம், 2016இல் மேற்கே யாசோப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. நகரின் நடுவிலுள்ள நீரிலே இப்பொழுது உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. கடலை நோக்கி வருவோர்க்கு இடமளிக்கக் கடலாலே வாழ்ந்தோர் சற்று விலக நேர்ந்தது. பல நாடுகளின் கரைகளிலும் நிகழ்வதே இது. அருகம்பையிலும் பாசிக்குடாவிலும் உள்ளவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் மகள் அவரை ‘தியான்யா ஹாய்ஜியாவ்’ என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றாள். வானின் விளிம்பு, கடலின் மூலை என்பது அப்பெயரின் பொருள். கரையிலே யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோலப் பெரும் பாறைகள். அவற்றின் மேற் செந்நிறம் தீட்டிய சீன எழுத்துக்கள். அங்கு சென்றோர் அனைவரும் அவ்வெழுத்துக்களின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். மணக்கோலத்திலே வந்திருந்த இளையோர் மாத்திரம் பத்து இணையர் இருப்பர். வெண்ணிற ஆடையின் ஓரம் மணலிற் புரளாதவாறு தோழியர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தனர். உலகின் எல்லை வரை உன்னுடன் வருவேன் என்பது அதன் உட்பொருளாம். தூண்போல் நிமிர்ந்து நிற்கும் பாறையொன்று, முன்னர் வழக்கிலிருந்த இரண்டு யுவான் நாணயத் தாளின் பின்புறத்தை அணிசெய்தது. ஆகவே அதன் முன்னே பணத்தைத் தொடுவதுபோற் கையை வைத்துக்கொண்டு நிற்போருக்கும் குறைவில்லை.

ஆசிரியரின் மனம் சென்றது வேறொரு கல்லின்பால். 1714ஆம் ஆண்டு, காங்சிப் பேரரசர் தம் நாடு முழுவதையும் அளந்து படம் வரையச் செய்தபோது, அப்பணியின் பொருட்டு இங்கு வந்தோர் பொறித்த எழுத்துக்கள் அக்கல்லில் உள்ளன. இங்கே கடல் தென்வானைப் பிரிக்கின்றது என்ற கருத்துப்பட நான்கு சொற்கள். அளவைக்காரர் வந்து எல்லை குறித்த இடம் என்று கேட்டதும் அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அருகிற் சென்றார். பிறகு மகளிடம், “இது எல்லையே இல்லம்மா. இந்தத் தீவுக்குக்கூட இது தெக்கு முனை இல்ல. முனை அங்கிட்டு, கெழக்கால இருக்கு” என்றார். புவியியல் ஆசிரியரை அழைத்துக்கொண்டு உலகின் எல்லைக்குச் செல்லலாகாது போலும்.

உண்மையில் அவ்விடம் எல்லையாகியது அளவுகோலாலன்று, அச்சத்தினாலேயே. சீனப் பேரரசுகள் பல நூற்றாண்டுகளாக இத்தீவை நாடு கடத்தப்பட்டோரின் இடமாகவே கண்டன. ஹான் மரபினர் கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஆட்சி நிறுவி, ஓயாத கிளர்ச்சிகளைத் தாங்கமாட்டாது கி.மு. 46இல் அதனைக் கைவிட்டனர். பின்னர் வந்தோர், தமக்கு வேண்டாதவர்களை அனுப்பி வைப்பதற்கு இதனினும் தகுந்த இடம் இல்லையெனக் கண்டனர். தாங் மரபின் முதலமைச்சராயிருந்த லீ தெயூ 848இல் இங்கே அனுப்பப்பட்டு இங்கேயே இறந்தார். சொங் மரபின் அமைச்சர் சாவ் திங், 1147இல் இன்றைய சான்யாவை அடுத்த பகுதியிலே உணவை மறுத்து உயிர்நீத்தார். இவர்களுள் ஐவருக்கு 1889இல் ஹாய்கோ நகரிலே ஆலயம் எடுத்தனர். உயிரோடு இருந்தபோது ஓர் அறை கொடுக்கத் தயங்கிய அரசு, இறந்து பல நூற்றாண்டுகள் கழித்து மண்டபம் கொடுப்பது சீனத்துக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று.

அனுப்பப்பட்டோர் ஒருபுறமிருக்க, கடலால் எறியப்பட்டோரும் உளர். யப்பானுக்குப் பௌத்த ஒழுக்க விதிகளைக் கொண்டு செல்ல முயன்ற கஞ்சென் என்னும் துறவி, 748இல் தமது ஐந்தாவது பயணத்திலே புயலில் அகப்பட்டு, வடகிழக்கு நோக்கிச் செல்ல வேண்டியவர் தெற்கே இத்தீவின் கரையில் ஒதுங்கினார். இங்கிருந்து மீண்ட வழியிலே பார்வையையும் இழந்தார். அதன் பின்னும் விடாது 753இல் யப்பானை அடைந்தார். சம்பா நாட்டிலிருந்து போருக்குத் தப்பி வந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சான்யாவின் இரு கிராமங்களில் இசுலாமியராய் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் சாத் மொழி வியட்நாமின் சாம் மொழிக்கும் சுமாத்திராவின் ஆச்சே மொழிக்கும் உறவுடையது. ஆனால் சீனமும் பிற மொழிகளும் சூழ வாழ்ந்தமையால், சொல்லின் பொருளைக் குரலின் ஏற்றத் தாழ்வால் வேறுபடுத்தும் இயல்பை அது பெற்றுவிட்டது. உறவு மொழிகளுக்கில்லாத இயல்பு அது. மொழியியல் பயிலும் மாணவர் எவரேனும் அக்கரைக்குச் சென்றால், நீச்சலுடையோடு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வது நன்று.

இத்தீவின் பழங்குடியினரான லி மக்களின் நெசவும் அத்தகையதே. தரையில் அமர்ந்து, தறியின் ஒரு முனையை இடுப்பிற் கட்டி, மறு முனையைக் கால்களால் உதைத்து இழுத்துக்கொண்டு அவர்தம் பெண்கள் நெய்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே ஹுவாங் தாவ்போ என்னும் பெண் யாசோவிற் பருத்தித் தொழிலைப் பயின்று, தன் ஊராகிய இன்றைய சாங்காய்ப் பகுதிக்கு அதனைக் கொண்டு சென்றாள் என்பது வரலாறு. 1950களில் ஐம்பதினாயிரம் பேர் அறிந்திருந்த அக்கலை ஆயிரம் பேருக்கும் குறைவானோரிடம் வந்து நின்றபோது, 2009இல் யுனெஸ்கோ அதனை உடனடிப் பாதுகாப்பு வேண்டுவனவற்றின் பட்டியலிற் சேர்த்தது. 2024இல் அப்பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பிழைத்துக்கொண்டது என்று பொருள்.

இத்தனையும் பார்த்தபின் மூன்றாம் நாட் காலையில், கடலில் இறங்கப் போவதாக மகள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஆசிரியர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “தன்சோவுக்குப் போவோம்” என்றார். அது தீவின் வடமேற்கே உள்ள பகுதி. கடலிற் குளிக்கும் கரையன்று, விடுதிகளும் குறைவு. “அங்க என்னப்பா இருக்கு?” என்று அவள் கேட்டாள். “மரம்” என்பது விடை.

என்ன மரம் என்பதை அவர் புகையிரதத்திலேதான் கூறினார். தீவை முழுவதும் சுற்றி 653 கிலோமீற்றர் நீளத்தில் விரைவுப் புகையிரதப் பாதை உண்டு. மேற்குப் பகுதி 2015 இறுதியில் நிறைவெய்தியதும் வட்டம் முழுமை பெற்றது. சான்யாவிலிருந்து மேற்காகச் செல்லும்போது, ஒருபுறம் கடல் தோன்றித் தோன்றி மறையும்; மறுபுறம் வாழையும் மாவும் கரும்பும் ஓடும். அவ்வழியிலே அவர் தம் தந்தையைப் பற்றிப் பேசினார். மகளுக்கு அது புதிது. தாத்தா களுத்துறை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால் வெட்டினார் என்பதை மாத்திரமே அவள் அறிவாள்.

1951இல் கொரிய யுத்தத்தின் காரணமாக ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்கு இறப்பர் முதலிய பொருள்களை அனுப்புவதைத் தடுத்தது. இலங்கை அப்போது அச்சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை, 1955இலேதான் பெற்றது. இறப்பர் விலை வீழ்ந்துகொண்டிருந்தது. உலகச் சந்தையில் அரிசி அரிதாகிவிட்டது. 1952ஆம் ஆண்டு மார்கழியில் இரு நாடுகளும் ஒப்பந்தஞ் செய்தன. ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 மெற்றிக் தொன் இறப்பர் சீனாவுக்கு. 270,000 மெற்றிக் தொன் அரிசி இலங்கைக்கு. இறப்பருக்குச் சீனா சந்தை விலையினும் அதிகம் கொடுத்தது. ஐக்கிய அமெரிக்கா முகஞ் சுளித்து உதவியை மறுத்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டு நிலைத்தது. இவை பாடநூல்களில் உள்ளவை. ஆசிரியரும் வகுப்பிலே கற்பித்தவை. சிறிய நாடொன்று பெரிய நாடுகளின் சினத்துக்கு அஞ்சாது தன் மக்களின் சோற்றை உறுதிசெய்துகொண்டது என்ற பெருமையோடே அவை கற்பிக்கப்படுவன. பெருமைப்படத்தக்கதே.

வகுப்பிலே அவர் கூறாது விட்டது ஒன்றுண்டு. அந்த 50,000 தொன்னில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த கைகள், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்தவர்களின் கைகள். ஒப்பந்தம் செய்யப்பட்ட அதே 1952இல் நடந்த பொதுத் தேர்தலிலே அவர்களுக்கு வாக்கு இல்லை. விடியுமுன் எழுந்து, தலைக்குத் துணியைச் சுற்றி, பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாக மலைச்சரிவில் ஏறிய தந்தைக்குத் தாம் வெட்டிய பால் சீனாவுக்குப் போகின்றது என்பது தெரியும். வாரந்தோறும் கூப்பனுக்கு வந்த அரிசியைச் சீன அரிசி என்றே லயத்தில் எல்லோரும் அழைத்தனர். எந்த நாட்டுக்காக வெட்டினாரோ அந்த நாட்டில் அவர் கணக்கில் இல்லை. எந்த நாட்டுக்குப் பால் போயிற்றோ அந்த நாட்டு அரிசியை உண்டார். “நாம சீனாக்காரன் சோறு திங்கிறோம், அவன் நம்ம பால்ல சில்லு உருட்டுறான்” என்று தந்தை சொல்லிச் சிரிப்பாராம். அதனைச் சொன்னபோது ஆசிரியரும் சிரித்தார்.

ஆனால் சீனா இலங்கைப் பாலை என்றென்றைக்கும் நம்பியிருக்க எண்ணவில்லை. ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்திலேயே, தன் தென்கோடியிலே தானே இறப்பர் வளர்ப்பதென்றும் அது தீர்மானித்தது. மலாயாவிலிருந்து கொண்டுவந்த வித்துக்களை 1906இல் ஹாய்னானில் ஒருவர் நாட்டிருந்தார். ஆயின் அது சிறு முயற்சி. வெப்பமான ஈரநாடுகளின் மரமாகிய இறப்பர் பதினேழு பாகை அகலக்கோட்டுக்கு வடக்கே செழிக்காது என்பது அக்கால அறிஞர் கருத்து. ஹாய்னான் முழுவதும் அதற்கு வடக்கே உள்ளது. 1952 முதற் படைவீரர்களை மண்வெட்டியோடு இங்கே இறக்கி, காடு வெட்டி, அரச பண்ணைகள் அமைத்தனர். குளிரும் சூறாவளியும் மரங்களை முறித்தன. காற்றைத் தடுக்கும் மரவரிசைகளால் தோட்டங்களைச் சதுரஞ் சதுரமாகப் பிரித்து, தாங்கும் இனங்களைத் தெரிந்து, இறுதியில் வென்றனர். 1982இல் அம்முயற்சிக்கு நாட்டின் முதல்தரக் கண்டுபிடிப்புப் பரிசு வழங்கப்பட்டது. இலங்கையுடனான பண்டமாற்று முடிவுற்றதும் அதே ஆண்டிலே. இரண்டுக்கும் காரணத் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. உலகச் சந்தையும் அரசியலும் அதற்குள் பெரிதும் மாறிவிட்டன. எனினும் அவ்விரு செய்திகளும் ஓராண்டில் வருவதை ஆசிரியர் பல காலமாக மனத்தில் வைத்திருந்தார்.

பாய்மாசிங் நிலையத்தில் இறங்கி, வாடகை வண்டியொன்றில் முதலிற் சென்றது சூ துங்போவின் நினைவிடத்துக்கு. அது மகளின் விருப்பம். சீன மொழி பயின்றபோது அவளுக்கு அவரைக் கற்பித்தனர். சொங் காலத்துப் பெருங்கவிஞராகிய அவர், 1097இல் அறுபது வயதில், இளைய மகன் ஒருவனோடு இங்கே நாடுகடத்தப்பட்டார். வழியிலே தம்பியை லெய்சோக் கரையிற் பிரிந்தவர் பின்னர் அவரைக் காணவேயில்லை. சென்றதும் முதலிற் சவப்பெட்டி செய்துகொள்வதே வேலை என எண்ணிப் புறப்பட்டவர். அரச விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டபோது, உள்ளூர் மாணாக்கர் மண் சுமந்து அவருக்குப் பனையினக் காட்டினுள் ஒரு குடில் கட்டிக் கொடுத்தனர். அவர்களுக்கு அவர் பாடஞ் சொன்னார். மழைக்கு மூங்கில் தொப்பியும் மரக்காலணியும் இரவல் வாங்கிக்கொண்டு நடந்த அவரைக் கண்டு பெண்கள் சிரித்தனர், நாய்கள் குரைத்தன என்பர்; அக்கோலத்திலேயே அங்கே அவருக்குச் சிலை உண்டு. சுற்றிலும் நீரையே கண்டு மனங் கலங்கிய அவர், நிலமெல்லாம் கடலால் சூழப்பட்டதே, ஆகவே தீவில் வாழாதவர் எவருமிலர் என்று தம்மைத் தேற்றிக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார். 1100இல் மன்னிப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, திரும்பிய வழியிலே காலமானார். மகள் இதனை மொழிபெயர்த்துச் சொன்னபோது ஆசிரியர், “மூணு வருஷத்தில கூப்பிட்டாங்களா?” என்று மாத்திரம் கேட்டார்.

இறப்பர்த் தோட்டம் அதற்கு அப்பால் உள்நாட்டில் இருந்தது. தை மாதம் பால் வெட்டும் காலமன்று. குளிர்காலத்திலே அங்கு மரங்கள் இலை உதிர்க்கும். மார்கழி முடிவிற் கத்தியை வைத்தால் பங்குனி சித்திரையிலேதான் மீண்டும் எடுப்பர். செம்பழுப்பு நிறச் சருகு கணுக்காலளவு கிடந்தது. மரந்தோறும் கம்பியிற் பொருத்திய கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. களுத்துறையில் தேங்காய்ச் சிரட்டை, இங்கே பீங்கான். அது தவிர வேறு வேறுபாடில்லை. இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து இறங்கும் அதே சாய்ந்த வெட்டு, அதே உலோகத் தகட்டு நாக்கு, அதே வரிசை. ஆசிரியர் ஒரு மரத்தின் அருகிற் சென்று வெட்டின்மேல் விரலை ஓட்டினார். பட்டை எவ்வளவு மெல்லியதாய்ச் சீவப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். மரத்தைக் காயப்படுத்தாது பட்டையை மாத்திரம் சீவுவதே பால் வெட்டுவோனின் திறமை. காயப்பட்டால் கங்காணி அரைப் பெயர் போடுவான். அன்றைய கூலியிற் பாதி போகும். “நல்ல கை” என்று அவர் கூறினார்.

தோட்டத்து ஓரத்திலே கோழிகளுக்குத் தீனியிட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி அவர்களைக் கண்டு அருகில் வந்தாள். அந்நியர் வந்து மரத்தைத் தடவிப் பார்ப்பது அவளுக்கு வியப்பாயிருந்தது போலும். கடற்கரைக்குத்தானே வெளிநாட்டார் போவர் என்றாள். தன் பெற்றோர் மலாயாவிலே பால் வெட்டியவர்கள் என்றும், ஆங்கிலேயர் அவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டனர் என்றும், தான் குழந்தையாய் வந்ததாகவும் கூறினாள். 1948இன் பின்னர் மலாயாவில் அவசரகாலச் சட்டத்தின்கீழ் அவ்வாறு அனுப்பப்பட்டோர் பல்லாயிரவர். அவர்களுக்கென்றே 1951இல் கிழக்குக் கரையிலே சிங்லொங் பண்ணை நிறுவப்பட்டது. அங்கே விளையும் கோப்பி இன்று நாடெங்கும் பெயர்பெற்றது. பிறந்த மண்ணும் தம்முடையதன்று, வந்த மண்ணும் பழகியதன்று என்று சில ஆண்டுகள் கழிந்ததாக அவள் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள்.

ஆசிரியர் தலையசைத்துக்கொண்டு கேட்டார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருள் அவருடைய சித்தப்பாவின் குடும்பமும் ஒன்று. இராமேசுவரத்தில் இறங்கி, பின்னர் கன்னியாகுமரி மாவட்டத்து அரச இறப்பர்த் தோட்டத்திலே மீண்டும் அதே கத்தியைப் பிடித்தனர். அதனையும் அம்மூதாட்டிக்குச் சொல்லும்படி மகளிடம் கூறினார். மகள் சொன்னாள். மூதாட்டி சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்து, பிறகு அவரது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்ணக்கட்டி பிடித்த கை, காய்ப்பு இல்லை. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

“என்ன சொல்றாங்க?”

“நீங்க வெட்டினவர் இல்லையாம். உங்க அப்பாதான் வெட்டினவராம்.”

திரும்புமுன் அவர் ஒரு மரத்தின் வெட்டில் ஒட்டிக் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை இழுத்தெடுத்தார். இலங்கையில் அதனையும் சேர்த்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்து மறைத்தால் களவு. மூக்கருகே வைத்துப் பார்த்தார். புளித்த அந்த வாடை லயத்தின் காம்பராவிலே தந்தையின் சட்டையிலிருந்தும் போர்வையிலிருந்தும் வீசியது. எத்தனை முறை துவைத்தாலும் போகாதது. பிள்ளைப் பருவத்தில் அவ்வாடைக்காக அவர் பள்ளிக்கூடத்தில் வெட்கப்பட்டதுண்டு.

புகையிரதத்திலே இருள் சூழ்ந்துவிட்டது. மகள் நெடுநேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை எப்பப்பா கெடைச்சது?” என்று கேட்டாள்.

“கெடைக்கல. விண்ணப்பம் போட்டாரு. கடுதாசி காட்டச் சொன்னாங்க, கடுதாசி இல்ல. 79ல செத்துப் போனாரு. எனக்குக் கெடைச்சது 88ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பொறகு. அடுத்த வருஷந்தான் ஆசிரியர் நியமனம் வந்துச்சு.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீ கேக்கல” என்றார். சிறிது நேரம் கழித்து, “நானும் சொல்ல நெனைக்கல” என்றார்.

சான்யாவை அடைந்தபோது கரையிலே ஒலிபெருக்கிகள் அடங்கிக்கொண்டிருந்தன. வடக்கிலிருந்து வந்த முதியோர் தத்தம் மடிப்பு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு விடுதிகளை நோக்கி நடந்தனர். அவர்களுள் ஒருவர் ஆசிரியரின் வெள்ளைத் தலையைக் கண்டு, தம்மைப் போலக் குளிருக்கு ஒதுங்க வந்தவரென்று எண்ணி, எந்த ஊர் என்று வினவினார். மகள் விடை சொல்வதற்குள் ஆசிரியர் கையால் மேற்கே கடலைக் காட்டினார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வந்து மூன்று நாட்களுக்குப் பின் முதல் முறையாக நீரில் இறங்கினார். இளஞ்சூடாயிருந்தது.